முந்தி வரும் துணைக்கோள்



2022-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், நள்ளிரவு கடந்து முக்கால் மணி நேரம். சரவாக்கில் கூச்சிங் நகரிலும் அதன் சுற்று வட்டாரத்திலும் அந்நேரம் விழித்திருந்தவர்கள் வானத்தில் ஒரு காட்சியைக் கண்டார்கள். நெருப்புத் துண்டுகள் பல, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல் வானத்தைக் கடந்து போயின. எரிநட்சத்திரம் என்றார்கள் பலர். எரிநட்சத்திரமாக இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் மறைந்திருக்கும். இது நின்று நிதானித்துப் பார்த்துக் கைப்பேசியில் படம் பிடிக்கும் அளவுக்கு நீடித்தது.

அது ஒரு சீன ராக்கெட்டின் உடல். பெயர் லோங் மார்ச் 5பி. எடை 20 டன்னுக்கும் மேல். ஜூலை 24-ஆம் நாள் விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதியை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலை முடிந்த வெற்றுக் கூடாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறே நாளில் கீழே வந்துவிட்டது. பின்னர் சரவாக்கிலும் கலிமந்தானிலும் அதன் உலோகத் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அது ஜூலை மாத முடிவில் விழும் என்பது உலகத்துக்கே முன்கூட்டித் தெரிந்திருந்தது. எங்கே விழும் என்பது மட்டும் கடைசி நாள் வரை எவருக்கும் தெரியாது. நாள் தெரிகிறது, இடம் தெரியவில்லை! இது என்ன கணக்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில், மேலே போன பொருள் ஏன் இறங்குகிறது? காற்று மண்டலம் ஏதோ ஓர் உயரத்தில் வேலி போட்டதுபோல் முடிந்துவிடுவதில்லை. மேலே போகப் போக மெலிந்துகொண்டே போகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் காற்று, நாம் சுவாசிக்கும் காற்றில் பல ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான். அது ஒரு காற்றா என்று நாம் சொல்லலாம். ஆனால் மணிக்கு 27,600 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் துணைக்கோளுக்கு அது காற்றுத்தான். ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கிறது. அனைத்துலக விண்வெளி நிலையம் இந்த உராய்வினால் மாதத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் இறங்குகிறது. அவ்வப்போது இயந்திரத்தை இயக்கி அதை மறுபடி மேலே தள்ளி விடுகிறார்கள். தள்ளிவிட ஆளில்லாத, எரிபொருள் இல்லாத பொருள்கள் இறங்கிக்கொண்டே வரவேண்டியதுதான்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். காற்று உரசினால் வேகம் குறையவேண்டும் என்றுதானே நினைப்போம்? துணைக்கோளுக்கு வேகம் கூடுகிறது. 400 கிலோமீட்டரில் மணிக்கு 27,600 என்று ஓடியது, 200 கிலோமீட்டருக்கு இறங்கியதும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் ஓடும். தோட்டத்து மேட்டுப் பாதையில் சைக்கிளில் இறங்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை இலேசாகத்தான் பிடித்திருக்கிறார். பிரேக் உரசுகிறது, சூடாகிறது. ஆனாலும் இறக்கம் இழுப்பதால் வண்டியின் வேகம் கூடிக்கொண்டேதான் போகிறது. துணைக்கோளும் அப்படித்தான். இறங்கும்போது அதற்குக் கிடைக்கும் சக்தியில் பாதி உராய்வில் சூடாகப் போகிறது, மறுபாதி வேகமாகச் சேர்கிறது.

வேகமும் கூடுகிறது, சுற்றும் வட்டமும் சிறுத்துவிடுகிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைகிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு 92 நிமிடம் 30 விநாடி. 300-இல் 90 நிமிடத்துக்குச் சற்று மேல். 200-இல் 88 நிமிடத்துக்குச் சற்று மேல். விழப்போகும் துணைக்கோள் நமக்கு அனுப்பும் அடையாளம் இதுதான்: அது முந்தி வரும்.

எவ்வளவு முந்தி வரும்? ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் விநாடி குறையும். ஒன்றேகால் விநாடியை யார் அளப்பது என்று கேட்கலாம். ஆனால் அது நாள் ஒன்றுக்குப் பதினைந்து சுற்றுக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றேகால் விநாடி என்றால், ஒரு நாளில் 19 விநாடி சேர்ந்துவிடும். பத்து நாளில் மூன்று நிமிடத்துக்கும் மேல்! தினந்தோறும் 19 விநாடி முந்தி ஓடும் சுவர்க்கடிகாரம் வீட்டில் இருந்தால், பத்து நாள் கழித்து வானொலி மணியோடு ஒப்பிடும்போது எல்லாருக்கும் தெரிந்துபோகுமல்லவா? உயரத்தை நேரே அளப்பது பெரிய வேலை. நேரத்தை அளப்பது எளிய வேலை. ஒரு கிலோமீட்டர் இறக்கத்தை ஒரு நிறுத்து கடிகாரத்தை வைத்துக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.

அப்படித்தான் தொடங்கினார்கள். 1957 அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அது ஒரு சிறிய உருண்டை. அன்று உலகமெங்கும் மக்கள் அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் அதன் பின்னால் ஓடிய ராக்கெட் உடலைத்தான். அந்த உடல் 1957 டிசம்பர் தொடக்கத்திலும், ஸ்புட்னிக் 1958 ஜனவரி 4-ஆம் நாளிலும் எரிந்து விழுந்தன. அவை முந்தி முந்தி வந்த கணக்கை வைத்து, மேலே காற்று எவ்வளவு அடர்த்தி என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டெஸ்மண்ட் கிங் ஹீலி. அவ்வளவு உயரத்துக்குப் போய்க் காற்றை அள்ளி நிறுத்துப் பார்த்தவர் எவருமில்லை. ஒரு பொருள் எத்தனை விநாடி முந்தி வந்தது என்பதைக் கொண்டே காற்றின் எடையைச் சொன்னார்கள். அவர்களுக்கு வேண்டிய அளவுகளைத் தந்தவர்களில் தொண்டர்கள் பலர். தூரக்கண்ணாடி ஒன்று, நிறுத்து கடிகாரம் ஒன்று, நட்சத்திர வரைபடம் ஒன்று, அவ்வளவுதான் கருவி.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் இடைநிலைப் பள்ளி. அங்கே பௌதிகம் போதித்தவர் ஜெப்ரி பெர்ரி. இரசாயனம் போதித்த டெரிக் ஸ்லேட்டருடன் சேர்ந்து, சாதாரண வானொலிப் பெட்டி ஒன்றைக் கொண்டு சோவியத் துணைக்கோள்களின் ஒலியைக் கேட்கத் தொடங்கினார். மாணவர்கள் நேரத்தைக் குறித்தார்கள். எந்தத் துணைக்கோள் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வேறுபாடு என்று ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தார்கள். 1966-இல் சில துணைக்கோள்களின் பாதைகளைப் பின்னோக்கி வரைந்து பார்த்தபோது, அதுவரை உலகுக்குச் சொல்லப்படாத ஓர் இடத்தில் அவை புறப்பட்டிருப்பது தெரிந்தது. சோவியத் நாட்டின் வடபகுதியில், பிளெசெட்ஸ்க் என்ற இடத்தில் ஓர் ஏவுதளம் இருக்கிறது என்பதை ஒரு பள்ளிக்கூடம் வெளியிட்டது. கருவி பெரிதாக இல்லை. ஏட்டை விடாமல் எழுதினார்கள்.

இன்று இந்த வேலையை ராடார் நிலையங்கள் செய்கின்றன. பல்லாயிரம் பொருள்களை அமெரிக்கா கண்காணித்து, ஒவ்வொன்றின் பாதையையும் இரண்டே வரிகளில் எண்களாக வெளியிடுகிறது. ஒரு வரிக்கு 69 இடங்கள். பார்த்தால் மந்திரம்போல் இருக்கும். அதில் நமக்கு வேண்டியது ஓர் எண்தான்: இப்பொருள் ஒரு நாளில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது?

கணக்கு நோட்டில் ஒரு கற்பனைத் துணைக்கோளைப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ளட்டும். நமது துணைக்கோள் நாளுக்கு 16 சுற்றுச் சுற்றுகிறது. அப்படியானால் அதன் உயரம் ஏறத்தாழ 275 கிலோமீட்டர். சுற்று எண்ணிக்கை பதினாறரையை நெருங்கிவிட்டால் முடிவு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு 16.00, நாளைக்கு 16.01. ஒரு நாளைக்கு 0.01 கூடுகிறது. அரைச் சுற்றுக் கூட எத்தனை நாள்? 0.50-ஐ 0.01-ஆல் வகுத்தால் 50 நாள் என்று வகுப்பில் முதல் கை தூக்கும் மாணவன் சொல்லிவிடுவான். ஆனால் அந்தத் துணைக்கோள் அதற்கு வெகு முன்னதாகவே, இரண்டு இரண்டரை வாரத்தில் விழுந்துவிடும்.

காரணம் வட்டிக்கு வட்டி ஏறும் கடன்போல என்று சொன்னால் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கும். இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகிறது. காற்று அடர்த்தியாக, இன்னும் வேகமாக இறங்குகிறது. இன்று 0.01 கூடியது, சில நாளில் 0.02 கூடும், பிறகு 0.04. தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், முதலில் தரையோடு படுத்திருந்த கோடு மெல்ல வளைந்து, முடிவில் தென்னைமரம்போல் நிமிர்ந்து நிற்கும். அந்த வளைவை முன்னுக்கு நீட்டி வரைவதே முன்னறிவிப்பு.

நீள்வட்டமாகச் சுற்றும் துணைக்கோளுக்கு ஒரு சிறு வேறுபாடு உண்டு. ஸ்புட்னிக் பூமிக்கு மிக அருகில் வந்தபோது 215 கிலோமீட்டர், மிக விலகிப் போனபோது 900-க்கும் மேல். உரசல் கிட்ட வரும்போதுதான் நடக்கிறது. குறைவதோ எட்டத்து உயரம். ஊஞ்சலாடும் பிள்ளை கீழே வரும்போதெல்லாம் காலைத் தரையில் தேய்த்தால், அடுத்த முனையில் ஏறும் உயரம் குறைகிறதே, அதே கதை. நீள்வட்டம் முதலில் வட்டமாகச் சுருங்கும். பிறகு வட்டம் இறங்கும்.

இனி அந்தப் பெரிய கேள்விக்கு வருவோம். வளைவு தெரிகிறது, கணக்கும் தெரிகிறது. பிறகு ஏன் இடத்தைச் சொல்ல முடிவதில்லை?

முதல் குற்றவாளி சூரியன். ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனில் கொந்தளிப்பு உச்சத்துக்குப் போகிறது. அப்போது நமது மேல் காற்று சூடேறி, கொதிக்கும் பால்போல் பொங்கி மேலே எழும்புகிறது. மெல்லிய காற்றில் ஓடிக்கொண்டிருந்த துணைக்கோள், இடம் மாறாமலே அடர்த்தியான காற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. 2022 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க நிறுவனம் 49 சிறிய துணைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பியது. மறுநாள் சூரியப் புயலின் விளைவாகக் காற்று பொங்கிவிட, 40-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் அவை மேலே ஏற முடியாமல் விழுந்து எரிந்தன.

இந்த வகையில் உலகம் மறக்காத பாடம் ஸ்கைலாப். 1973 மே 14-ஆம் நாள் அமெரிக்கா ஏவிய விண்வெளி நிலையம். எடை ஏறக்குறைய 77 டன். 1974 பிப்ரவரியில் கடைசி மூவரும் இறங்கிவிட்டார்கள். 1980-களின் முற்பகுதி வரை அது தாங்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதற்குள் புதிய விண்வெளி ஓடம் தயாராகிவிடும், அதைக் கொண்டு மேலே தள்ளிவிடலாம் என்பது திட்டம். சூரியன் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகக் கொந்தளித்தது. ஓடமோ தாமதமாகி 1981 ஏப்ரலில்தான் பறந்தது. ஸ்கைலாப் காத்திருக்கவில்லை.

1979-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியக் கிராமங்களில் மக்கள் உலகமே முடிந்துவிடும் என்று அஞ்சினார்கள். உலகில் எங்கேனும் யாரேனும் ஒருவருக்கு அடிபட வாய்ப்பு 152-இல் ஒன்று என்று அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தார்கள். கேட்டவர்கள் பலர் அது தங்கள் தலைக்கே சொல்லப்பட்டதாக எண்ணிக்கொண்டார்கள். உலகத்து மக்கள் அனைவரையும் சேர்த்து 152-இல் ஒன்று. தனியொருவருக்கு அது பல்லாயிரம் கோடியில் ஒன்று. இந்த வேறுபாட்டைப் பத்திரிகைகள் தெளிவாகச் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் அன்றிரவு உறங்கியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கடைசி நாள் ஜூலை 11. ஸ்கைலாப் குட்டிக்கரணம் போடும்படி பொறியாளர்கள் தரையிலிருந்து கட்டளை அனுப்பினார்கள். நேராக நிற்கும் பொருளுக்கும் உருளும் பொருளுக்கும் காற்றின் தடை மாறுமாதலால், அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டிக் கடலில் விழும்படி செய்ய அப்படி ஒரு தந்திரம். அமெரிக்கா தப்பியது. ஆனால் நினைத்ததைவிட ஸ்கைலாப் உறுதியானதாக இருந்துவிட்டது. தாமதமாக உடைந்து, இந்தியப் பெருங்கடலைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் பக்கம் துண்டுகளைக் கொட்டியது. அந்த ஊர் நகராட்சி, குப்பை போட்டதற்காக அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு 400 டாலர் அபராதம் விதித்தது! வேடிக்கைக்காகத்தான். நிறுவனம் கட்டவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2009-இல், அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தம் நேயர்களிடம் பணம் திரட்டிக் கட்டி முடித்தார். வானொலி நேயர்களின் பெருமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சூரியன் ஒரு பக்கம், உருளும் விதம் ஒரு பக்கம். இவற்றால் கணக்கில் எப்போதும் ஒரு தவறு தங்கிவிடுகிறது. மீதமுள்ள காலத்தில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு பிசகலாம் என்று இத்துறையினர் கொள்கிறார்கள். பத்து நாள் இருக்கிறது என்றால் ஒரு நாள் முன்னோ பின்னோ. ஒரு நாள் இருக்கிறது என்றால் இரண்டரை மணி முன்னோ பின்னோ. இரண்டரை மணிதானே என்று நினைக்காதீர்கள். அதற்குள் துணைக்கோள் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் பூமி கிழக்கே திரும்பிவிடுவதால், பாதை ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்துவிடுகிறது. ஒரு சுற்றில் கோலாலம்பூருக்கு மேலே போனது, அடுத்த சுற்றில் நம்மை விட்டு இலங்கைக்குத் தெற்கே கடல்மேல் போகும். ஆகவே முதல் நாளே யாராவது இன்ன மாநிலத்தில், இன்ன மணிக்கு விழும் என்று எழுதினால், அது கணக்கறிந்தவர் எழுதியதல்ல. இரண்டு மூன்று கோடுகளை உலகப் படத்தில் வரைந்து, இவற்றின்மேல் எங்கேனும் என்று சொல்பவரே உண்மை பேசுகிறார். நாள் நெருங்க நெருங்க அந்தக் கோடுகள் குறைந்துகொண்டே வரும்.

நமது நாடு நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கிறது. தாழ்வாகச் சுற்றும் எந்தத் துணைக்கோளும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை அக்கோட்டைக் கடந்தே தீரவேண்டும். அதனால் நமக்குத்தான் ஆபத்து அதிகமோ என்று அஞ்சவேண்டாம். கோட்டை அவை விரைந்து குறுக்கே கடந்துவிடுகின்றன. பாதை வளைந்து திரும்பும் வடக்கு, தெற்கு ஓரங்களின் மேல்தான் அவை அதிக நேரம் ஓடுகின்றன. நமக்கு மிகுதியும் கடல் சூழ்ந்திருக்கிறது என்பதும் ஒரு பாதுகாப்பு.

இருந்தாலும் நான் ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெரிய பொருள் முழுவதும் எரிந்து சாம்பலாவதில்லை. நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு எடை தரை வரை வரலாம். எரிபொருளைக் கொஞ்சம் மிச்சம் வைத்து, குறிபார்த்துக் கடலில் இறக்க வழி இருக்கிறது. 2001 மார்ச் 23-ஆம் நாள் ரஷ்யா தன் மிர் நிலையத்தை, 130 டன்னுக்கு மேற்பட்டதை, தென் பசிபிக் கடலில் அப்படித்தான் இறக்கியது. அனைத்துலக விண்வெளி நிலையத்தையும் அவ்வாறே இறக்குவதற்கென ஒரு தனிக்கலம் கட்ட 2024-இல் அமெரிக்கா ஒப்பந்தம் கொடுத்தது. வழியிருந்தும் 20 டன் இரும்பைக் காற்றின் போக்கில் விட்டுவிடுவது, மரம் வெட்டுகிறவன் அது எந்தப் பக்கம் சாயும் என்று பாராமல் வெட்டுவதற்கு ஒப்பானது. கீழே இருக்கிறவர்கள் அதற்குச் சம்மதம் கொடுக்கவில்லை.

நட்டத்துக்குப் பொறுப்பு உண்டு என்ற விதி 1972 முதல் அனைத்துலக ஒப்பந்தமாக இருக்கிறது. எந்த நாடு ஏவியதோ அந்த நாடே ஈடு கட்டவேண்டும். 1978 ஜனவரி 24-ஆம் நாள் சோவியத் துணைக்கோள் காஸ்மாஸ் 954, அணு உலையோடு கனடாவின் வடபகுதியில் விழுந்தது. பனியில் சிதறிய கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்க நெடுங்காலம் ஆயிற்று. கனடா 6 மில்லியன் டாலர் கேட்டது. 1981-இல் 3 மில்லியன் கிடைத்தது.

துணைக்கோளைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்துக்குள்ளும், விடிவதற்கு முந்திய ஒரு மணி நேரத்திலும் பாருங்கள். அப்போது நாம் இருட்டில் இருப்போம்; மேலே போகும் துணைக்கோளின்மேல் மட்டும் வெயில் பட்டு மின்னும். மரம் சீவப் புறப்படும் நேரம் இதற்கு மிக வாய்ப்பானது. சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிடத்தில் வானத்தைக் கடக்கும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டால் அது துணைக்கோள்தான், சிமிட்டுவது விமானம். நேரத்தை விநாடியோடு ஏட்டில் குறித்து வையுங்கள்.

காட்டோரத்திலோ நிரைகளுக்கு இடையிலோ கருகிய உலோகத் தகடு, உருண்டையான கலம், கரிநிற நார் சுற்றிய உருளை போன்றவை கிடந்தால் கையால் தொடவேண்டாம். பிள்ளைகளையும் கிட்ட விடவேண்டாம். நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் எடைக்குப் போடுவது ஆகாது. அது விழுந்த பிறகும் ஏவிய நாட்டின் உடைமைதான்.